கைநூல் பருத்தியில் பின்னிய தொப்பி ஏன் தொங்கிப்போகிறது?

கேள்வி | 2023 ஜூன் 11, காலை | கோவையிலிருந்து ஒரு வாசகர்

அக்கா, தாத்தாவின் பெட்டி ராட்டையைப் பரணிலிருந்து இறக்கி மூன்று மாதமாக நூற்கிறேன். அந்த நூலில் அம்மாவின் காலை நடைக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் கண்ணை மறைக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. துவைத்துக் காயப்போட்டால் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. பருத்தியைத் தறியில் போடலாம், ஊசியில் ஏற்றக் கூடாது, பின்னலுக்குக் கம்பளிதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். தவறு என்றால் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

தம்பி, தவறு என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் தொப்பியில் இரண்டு வியாதி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள்.

திருகிக்கொள்வது நூலின் வேலை. ஒற்றை இழையை அப்படியே பின்னியிருக்கிறீர்கள். ஒற்றை இழைக்குள் ஏற்றிய முறுக்கு வெளியே வர வழி தேடிக்கொண்டே இருக்கும். துணியாகப் பின்னிய பிறகும் அது அடங்காது, ஒவ்வொரு கண்ணியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கும். தண்ணீர் பட்டதும் சாய்வு முழுதாகத் தெரியும். இரண்டு இழையை எதிர்ப்பக்கமாக முறுக்கி ஒன்றாக்கினால் ஒன்றின் திமிரை மற்றது பிடித்து நிறுத்தும்.

தொங்குவது பஞ்சின் குணம். கம்பளி மயிர் ஒவ்வொன்றும் சுருள் சுருளாக இருக்கும். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். பருத்தி இழைக்கு அந்தச் சுருள் கிடையாது, நீண்டால் நீண்டதுதான். அதற்கு ஏற்ற மாதிரி நூற்று, அதற்கு ஏற்ற மாதிரி பின்ன வேண்டும்.

என்ன பஞ்சு, எத்தனையாம் நம்பர் நூல், எந்த ஊசி? எழுதுங்கள்.

ஜூன் 12

கருங்கண்ணியா! முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கரிசல் மண்ணில் மழையை நம்பி விளைகிற நம்ம ஊர்ப் பருத்தி. இழை குட்டையாக இருக்கும், கொஞ்சம் முரடு, ஆனால் உழைக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து, அதற்குப் பிறகு நீள இழை ரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கருங்கண்ணி ஓரத்துக்குப் போய்விட்டது. நீள இழையில் உச்சம் 1970-களில் கோவையில் உருவான சுவின். அதைக் கையில் எடுத்தால் பட்டு மாதிரி வழுக்கும். அது குறைந்த முறுக்கிலேயே நிற்கும். குட்டை இழைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் தூரம் குறைவு, அதனால் முறுக்கு கூடுதலாக வேண்டும்.

எத்தனை முறுக்கு வேண்டும் என்று கணக்கு கேட்டீர்கள். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். 9-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 9 சிட்டம், 7,560 கெஜம். அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பதற்கு, நம்பரின் வர்க்கமூலத்தை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பாவு நூலுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடுவது) அந்த எண் 4-க்கு மேல், பின்னல் நூலுக்கு 3 பக்கம். 9-க்கு வர்க்கமூலம் 3. ஆக, பாவுக்கு 12 முறுக்குக்கு மேல், பின்னலுக்கு 9. நீங்கள் 9 வைத்து நூற்றுப் பாருங்கள்.

ஜூன் 18

மேலே 9 என்று எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். ஒரு வாரமாக மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று நூற்றுப் பார்த்தேன்.

9 என்பது ஒற்றை இழையாகவே பின்னப் போகும் மில் நூலுக்குச் சரி. நாம் இரண்டாக முறுக்கப் போகிறோம். எதிர்ப்பக்கம் முறுக்கும்போது ஒற்றை இழையில் இருக்கிற முறுக்கு கொஞ்சம் அவிழும். 9-இல் தொடங்கினால் இரட்டையான பிறகு உள்ளே மிஞ்சுவது போதாது. கருங்கண்ணியில் அது பஞ்சாகவே உதிர்ந்தது, என் மடியெல்லாம் தூசி. 14, 15 முறுக்கு வைத்துத் தொடங்கி, எதிர்ப்பக்கம் முறுக்கி இறக்கினால் நூல் உருண்டையாக, கெட்டியாக வருகிறது. ஒற்றை இழையாகப் பார்க்கும்போது கம்பி மாதிரி முரண்டு பிடிக்கும். பயப்படாதீர்கள்.

எண்ணிப் பார்க்கக் கண்ணாடி எல்லாம் வேண்டாம். ராட்டையிலிருந்து வந்த புது நூலில் ஒரு முழம் எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து நடுவைத் தளரவிடுங்கள். தானே சுருண்டு இரட்டையாகிக்கொள்ளும். அதுதான் உங்கள் இரட்டை நூலின் மாதிரி. பிடித்திருந்தால் ஒரு அட்டையில் ஒட்டி ராட்டைப் பெட்டியின் மூடியில் செருகிவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை புது நூலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் அட்டைகளில் எந்தப் பஞ்சு, எந்தத் தேதி என்று பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 25

பெரியம்மா வந்திருந்தார். 77 வயது. 1950-களில், கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தந்த ஆதாரப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியில் தக்ளி, அதாவது விரலால் சுழற்றி நூற்கிற சின்னக் கதிர், ஒரு பாடம். எழுதுவதற்குச் சிலேட்டு மாதிரி நூற்பதற்குத் தக்ளி பையில் இருக்கும் என்பார். பித்தளைத் தட்டு, எஃகுக் கம்பி. கம்பியின் கால் வழுக்காமல் சுழல ஒரு கொட்டாங்கச்சி.

நான் நூற்பதைக் கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இழுத்து முடிச்சதும் உடனே ஏத்திடறே. கை அங்கேயே நிக்கட்டும். சக்கரத்தை இன்னொரு சுத்து சுத்து. நூல் உன் விரலைப் பிடிச்சு இழுக்கும் பாரு, அப்புறம் ஏத்து."

அவ்வளவுதான். கை நீட்டி இழுத்த இரண்டடி நூலை அப்படியே நிறுத்தி, சக்கரத்தை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். நூல் கொஞ்சம் குட்டையாகி என் கட்டைவிரலை, நூல் ஏறுகிற கதிரின் பக்கமாக இழுத்தது. அதைத்தான் நான் ஒரு வாரமாக 14, 15 என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது விரலில் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். பஞ்சுத் திரியைப் பிடிக்கும் விரல் அழுத்தக் கூடாதாம். "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி." நானும் அப்படித்தான் பிடித்தேன். நூல் அறுந்தது. "கோழிக்குஞ்சு ஓடிப்போச்சு" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் வரை யார் நூல் அறுந்தாலும் வீட்டில் அதே பேச்சு.

ஜூலை 2

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தில் நூல் வெள்ளையும் பழுப்பும் கலந்து இருக்கிறது. வேகவைக்காமலே பின்னினீர்களா?

பருத்தி இழையின் மேல் மெழுகு உண்டு. அது இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது, சாயமும் பிடிக்காது, முறுக்கும் முழுசாக அடங்காது. சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி (இறுக்கிக் கட்டினால் அந்த இடம் மட்டும் வேகாது), பெரிய பாத்திரத்தில் தண்ணீர், கொஞ்சம் வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்பு போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். போடும்போது சிட்டம் வாத்து மாதிரி மிதக்கும். கரண்டியால் அழுத்தினாலும் மேலே வரும். அரை மணியில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அவ்வளவு அழுக்கா என்று முதல் தடவை நான் திகைத்துப்போனேன். மெழுகும் பருத்தியிலேயே இருக்கிற மற்ற பொருள்களும்தான் அது. இறக்கி அலசி, மறுபடி வெறும் தண்ணீரில் போட்டால் சிட்டம் கல் மாதிரி உடனே அடியில் போய்விடும். அப்போதுதான் வெந்தது என்று அர்த்தம்.

காயப்போடும்போது கனம் தொங்கவிட வேண்டாம். கொடியில் சும்மா தொங்கட்டும், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டால் போதும்.

ஜூலை 23

சரி, சொல்வதைவிடச் செய்துவிடலாம் என்று மூன்று தொப்பி ஆரம்பித்திருக்கிறேன். ஒரே பஞ்சு, 9-ஆம் நம்பர் பக்கம்.

முதலாவது ஒற்றை இழையை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னுவது, முறுக்காமல். உங்கள் தொப்பியைப் போலவே. இரண்டாவது இரட்டை நூல். மூன்றாவதில் இரட்டை நூலை மறுபடி இரண்டாக எதிர்ப்பக்கம் முறுக்கி நான்கிழையாக்கியிருக்கிறேன். ஒரு தொப்பிக்கு இதில் 70 கிராம் தேவைப்படும். நான்கிழையாக 290 கெஜம், அதாவது ஒற்றை இழையாக 1,160 கெஜத்துக்குக் குறையாமல் நூற்க வேண்டும். பெட்டி ராட்டையில் எனக்கு மணிக்கு 200 கெஜம் வருகிறது. நூற்க ஆறு மணி நேரம், முறுக்க மூன்று, பின்ன பத்து.

மூன்றுக்கும் ஒரே தலை. என் வீட்டுக்காரர் தலை, 56 சென்டிமீட்டர்.

ஆகஸ்ட் 20

முதலாவது எதிர்பார்த்தபடியே திருகிக்கொண்டது. இரண்டாவது திருகவில்லை, ஆனால் விளிம்பு தொளதொளத்துவிட்டது. 51-இல் இருந்து 57-க்குப் போய்விட்டது, மூன்று வாரத்தில். நூல் சரியாக இருந்தும் தொங்கியது என்றால் மீதித் தப்பு என் ஊசியில்.

யோசித்துப் பார்த்தால் விளிம்புக்கு ஒரு நிட் (நேர்க் கண்ணி), ஒரு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று கம்பளித் தொப்பிக்குப் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறேன். அந்த விளிம்பு சுருங்கி நிற்பது பின்னலாலும்தான், கம்பளியின் சுருளாலும்தான். அந்தச் சுருளை எடுத்துவிட்டால் பாதி பலம் போய்விடுகிறது. மூன்றாவதில் மாற்றப் போகிறேன்: இரண்டு அளவு சின்ன ஊசி, நிட் கண்ணியை எல்லாம் பின்பக்கத்திலிருந்து எடுத்து முறுக்கிப் பின்னுவது, மொத்தக் கண்ணியில் பத்தில் ஒன்றைக் குறைப்பது. தலையில் ஏற்றும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியட்டும்.

ஜூன் 11-இல் "தொங்குவது பஞ்சின் குணம்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். பஞ்சை மட்டும் சொன்னது நியாயமில்லை.

செப்டம்பர் 10

நடுவில் மேல்மலைக்குப் போயிருந்தோம். எங்கள் ஊர் வத்தலக்குண்டு, கொடைக்கானல் பஸ் வீட்டு வாசலில் போகிறது. ஆனாலும் பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் வரை இப்போதுதான் போனேன். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள், உடம்பெல்லாம் வெள்ளைக் கம்பளி. சமவெளியில் நாம் பார்க்கிற மேச்சேரி ஆட்டுக்கு மயிர்தான், கம்பளி கிடையாது. அதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இந்த ஆடு வேறு பிராணி மாதிரி இருந்தது.

மலையில் ஆடு வைத்திருக்கும் ஒருவர் ஒரு பை நிறையக் கம்பளி கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார், அவ்வளவு வாசனை. வீட்டில் வெந்நீரில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். கம்பளியைக் கசக்கக் கூடாது, கலக்கக் கூடாது, சூட்டை டக்கென்று மாற்றக் கூடாது. மூன்றில் எது செய்தாலும் இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு திண்டு மாதிரி ஆகிவிடும். நான் முதல் கைப்பிடியைப் பருத்தி என்று நினைத்து அலசிவிட்டேன். அது இப்போது சூடான பாத்திரம் இறக்கி வைக்கிற திண்டாகச் சமையலறையில் இருக்கிறது.

கம்பளி நூற்பு எவ்வளவு சுலபம்! பருத்திக்குப் பழகின கைக்கு அது தானாக வருகிறது. இழை நீளம், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது, முறுக்கு பாதி போதும். தொங்கும் கதிரிலேயே நூற்றுவிட்டேன். தம்பி சொன்ன "பின்னலுக்குக் கம்பளிதான்" எங்கிருந்து வந்தது என்று அன்று புரிந்தது. ஆனால் வத்தலக்குண்டு வெயிலில் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் பெரியம்மா என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.

செப்டம்பர் 11

கம்பளியை நெய்யலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. கம்பளிப் பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை போடுவது தக்காணத்துக் கம்பளி நெசவாளர்களின் பழைய வழக்கம். பருத்தி ஒற்றை இழையைப் பாவாகப் போட்டால் அரிசிக் கஞ்சி. கஞ்சி போடாத கைநூல் பாவு, தறியின் சீப்பான அச்சில் உரசி உரசிப் பஞ்சாகிவிடும். குறுக்கே ஓடுகிற ஊடைக்கு எதுவும் வேண்டாம், அதன் மேல் இழுப்பு குறைவு. முதல் மஃப்ளருக்கு மில் நூல் பாவு, கைநூல் ஊடை என்று தொடங்குங்கள். யாருக்காவது கொடுத்தால் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

அக்டோபர் 8

பைக்கு வார் நெய்வது பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி நாளாகிவிட்டது.

தறி வாங்காமல் நெய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் வழி. பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து, சீட்டைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் ஓட்டை போடுங்கள். ஒரு சீட்டுக்கு நான்கு நூல். 20 சீட்டு என்றால் 80 நூல் பாவு. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். சீட்டுக்கட்டைக் கால் சுற்று திருப்பினால் நூல்களுக்கு நடுவே வழி திறக்கும். அதில் ஊடையை விட்டு, விரலால் இடித்து, மறுபடி கால் சுற்று. வாரில் பாவு மட்டுமே தெரியும், ஊடை உள்ளே ஒளிந்துகொள்ளும். அதனால் நிறமும் கோலமும் எல்லாம் பாவில்தான். நான் அவுரி நீலமும் வெள்ளையும் போட்டேன்.

வார் உருண்டு சுருளாமல் இருக்கப் பாதிச் சீட்டில் நூலை இடப்பக்கமாகவும் பாதியில் வலப்பக்கமாகவும் கோக்கச் சொல்வார்கள். அப்படியே கோத்தேன். ஒரு முழம் நெய்ததும் ஒன்று கவனித்தேன். வாரின் ஒரு பாதி கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, மறு பாதி பூனைக்குட்டி மாதிரி மயிர் நிற்கிறது. ஒரே நூல், ஒரே சிட்டம். அரை நாள் மண்டையைக் குடைந்தது.

சீட்டு சுற்றும்போது நூலும் சேர்ந்து முறுக்கப்படுகிறது. நூலின் முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம் சீட்டு சுற்றினால் நூல் இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அவிழும். மில் நூலில் இது கண்ணுக்கே தெரியாது. குட்டை இழைக் கைநூலில் அப்பட்டமாகத் தெரிகிறது. தொப்பிக்கென்று நூற்ற மென்மையான இரட்டை நூலை வாருக்குப் போட்டது என் தப்பு. தேன்மெழுகு தடவிச் சமாளித்தேன். அடுத்த வாருக்கு நூலே வேறாக நூற்றேன்.

அக்டோபர் 9

அந்த "வேறு நூல்" என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் தெருவில் பூணூல் செய்து கொடுக்கிற ஒரு மாமா இருக்கிறார். தக்ளியில் நூற்று, நான்கு விரலைச் சேர்த்து 96 சுற்று எண்ணி எடுத்து, மூன்று இழையை முறுக்கி, அதில் மூன்றை மறுபடி முறுக்குகிறார். ஒன்பது இழை. வாசலில் உட்கார்ந்து அவர் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வார் பஞ்சாகிப்போன அன்றுதான் அதை நூல் வேலை செய்கிறவளாகப் பார்த்தேன்.

ஒருமுறை முறுக்கினது ஒரு பக்கம், மறுமுறை முறுக்கினது அதற்கு எதிர்ப்பக்கம். வெளியிலிருந்து யார் எந்தப் பக்கம் திருகினாலும் உள்ளே ஒரு அடுக்கு அவிழும், இன்னொரு அடுக்கு இறுகும். மொத்தமாக அவிழ வழியே இல்லை. அரைஞாண் கயிறு, தாலிச் சரடு எல்லாம் வருஷக்கணக்கில் வியர்வையிலும் தண்ணீரிலும் கிடந்து தாங்குவதற்கு அந்த அடுக்கு முறுக்குதான் பலம். தொப்பிக்கு நான் போட்ட நான்கிழையும் அதே வகைதான் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வாருக்கு ஒன்பது போட்டேன். பூனைமயிர் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு யோசிச்சே, வந்து கேட்டிருக்கலாமே" என்றார்.

நவம்பர் 5

மனசு சரியில்லை. ஒரு கண்காட்சியில் "முழுவதும் கைநூல்" என்று அட்டை போட்ட மஃப்ளர் ஒன்றை வாங்கினேன், நல்ல விலை கொடுத்து. வீட்டில் ஓரத்து நூலைப் பிரித்துப் பார்த்தால் முனையிலிருந்து முனை வரை ஒரே தடிமன், மில் இரட்டை நூல். கைத்தறியில் நெய்தது உண்மை. நெசவு அழகாகவே இருக்கிறது. கைத்தறி என்று மட்டும் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஒரு தொப்பிக்கு 1,160 கெஜம் நூற்கிற கைக்கு அந்த அட்டை வலிக்கிறது. வேறொன்றுமில்லை.

கண்டுபிடிக்க வழி: தடிப்பும் மெலிவும் இருந்தால் கைநூல்.

நவம்பர் 7

மேலே கடைசி வரி தப்பு. மில்லிலேயே வேண்டுமென்று தடிப்பும் மெலிவுமாக நூல் செய்கிறார்கள், ஸ்லப் என்று பெயர். நல்ல நூற்பாளி கையில் நூல் சீராகவும் வரும், பெரியம்மா நூலை மில் நூல் என்றே நினைப்பீர்கள். ஆக, தடிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் இப்போது முறுக்கைப் பார்க்கிறேன். கைநூலில் மெலிந்த இடத்துக்கு முறுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும், தடித்த இடத்தில் தளர்ந்து கிடக்கும். ஆனால் ஸ்லப் நூலிலும் அப்படித்தான் நடக்கும். ஆகவே நூலைப் பார்த்து முடிவு கட்டுவதைவிட, நூற்றவர் யார் என்று விற்பவரிடம் கேட்பதே மேல். பதில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

டிசம்பர் 3

பல கதிர் வைத்த அம்பர் ராட்டையில் நூற்றது கைநூலா என்று இங்கே பெரிய வாக்குவாதம். என்னைக் கேட்டால், ஆமாம்.

அம்பர் நம்ம ஊர்க்காரர் செய்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? திருநெல்வேலிப் பக்கத்து ஏகாம்பரநாதன் 1940-களின் கடைசியில் உருவாக்கியது. அவர் பெயரிலிருந்துதான் அம்பர். அதற்கு முன்னால் 1929-இலேயே நல்ல ராட்டை செய்து கொடுப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று காந்தி தொடங்கிய சர்க்கா சங்கம் பரிசு அறிவித்திருந்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! நூற்கிற பெண்ணுக்குக் கூலி கட்டுபடியாக வேண்டும் என்பதுதான் அந்தத் தேடலின் நோக்கம். ஒரே சமயத்தில் பல கதிர் சுற்றுகிற ராட்டையில் ஒருத்தி நாள் முழுக்கக் கை சுற்றினால் அது கைநூல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பின்னலுக்கு எது நல்லது என்று கேட்டால் என் ஓட்டு பெட்டி ராட்டைக்கு. அம்பரில் முறுக்கு இயந்திரத்தின் கணக்கில் ஏறுகிறது, பெட்டி ராட்டையில் அந்த ஒரு சுற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

டிசம்பர் 4

இலவம் பஞ்சு நூற்க முடியுமா: தனியாக முடியாது. வழவழவென்று குழாய் மாதிரி இழை, பிடிப்பே இல்லை. தலையணைக்குத்தான். எருக்கம் பஞ்சு பளபளப்பில் மயக்கும், ஆனால் ஒடிந்துவிடும். பருத்தியில் கொஞ்சம் கலந்து நூற்றால் மினுமினுப்பு வருகிறது, நான் ஒரு கைப்பிடி செய்து பார்த்தேன். வாழைநாரை நூற்பதில்லை, கீறி முடிச்சுப்போட்டு நீளமாக்குவார்கள். சென்னை அனகாபுத்தூரில் அதை வைத்து நெய்கிறார்கள்.

2024 ஜனவரி 7

மூன்றாவது தொப்பி. நான்கிழை, வேகவைத்தது, சின்ன ஊசி, முறுக்கின கண்ணி விளிம்பு. பின்னி முடித்தபோது விளிம்புச் சுற்றளவு 50. நான்கு மாதமாக வாரத்துக்கு ஐந்து நாள் தலையில், பதினாறு தடவை துவைத்தது. இன்று காலை அளந்தேன், 53. துவைத்துக் காய்ந்ததும் 51-க்குத் திரும்புகிறது. தண்ணீரில் பருத்தி இழையின் பலம் கூடும், கம்பளிக்குக் குறையும். அதனால் பருத்தியைப் பிழியப் பயப்பட வேண்டாம். திருகல் இல்லை. உச்சியில் ஒரு இடத்தில் நூல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பார்த்தால் என் அட்டையில் "ஜூன் 17" என்று போட்டிருக்கிற சிட்டம், பெரியம்மா வருவதற்கு முன்னால் நூற்றது.

ஜனவரி 21

கோவைத் தம்பியிடமிருந்து நேற்று ஒரு தபால். உள்ளே ஒரு அட்டை, அதில் ஒரு சாண் இரட்டை நூல் ஒட்டியிருக்கிறது. பின்னால் பென்சிலில்: "கருங்கண்ணி, ஜனவரி 14, ஒரு சுற்று கூடுதல்."

நூலைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலில் உருட்டி, முனையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்தார். "அம்மாவுக்குப் பின்னச் சொல்லு" என்றார்.